பூட்டிய காருக்கு முறை இல்லை

அன்று காலை ஒன்பதே காலுக்கு இறங்குதுறைத் திடலில் இருந்தவர்கள், பொலிஸ் புத்தகத்தில் எழுதப்பட்ட வரிசைப்படி:

கோணாமலை, வயது நாற்பத்தொன்பது, ஒஸ்ரின் ஏ-40 ஹயர் கார். ஆள் திடலில் இருந்தான், காரில் இல்லை.

தங்கரத்தினம், மொறிஸ் மைனர்.

தம்பையா, இன்னொரு மொறிஸ் மைனர், கதவு ஒன்று வேறு நிறம்.

அஸீம், கேற்றில் ரிக்கற் கிழிப்பவன்.

ஆமினா உம்மா, மூதூர், தயிர் வியாபாரம். கோணாமலையின் காருக்குள் முன்சீற்றில்.

சைக்கிளில் வந்த பொலிஸ்காரர் ஒருவர்.

ஸெய்னுதீன் என்றொருவனும் இருந்தான். ஆனால் அவன் ஒன்பது பத்துக்கே தம்பலகாமத்துக்குச் சனம் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அவன் போனதால்தான் மற்றதெல்லாம் நடந்தது.

திடலைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. வெள்ளைக்காரனின் கடற்படை இருந்த காலத்தில் அங்கே நிலக்கரி குவித்திருந்தார்கள். ஐம்பத்தேழில் அவன் கப்பலேறிப் போன பிறகு கரி போய், கரி பிடித்த மண் மிஞ்சியது. ஒரு வாகை மரம், ஒரு விளக்குக் கம்பம், கம்பத்துக்கு நேரெதிரே, மூதூரிலிருந்து சனத்தை ஏற்றிவரும் லோஞ்ச் என்ற படகு வந்து கட்டும் படிகள். வேறொன்றும் இல்லை. வாடகைக்கு ஓடும் ஹயர் கார்க்காரர் அங்கே வந்து நிற்கத் தொடங்கியபோது யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆளும் இருக்கவில்லை. மாட்டு வண்டிக்காரர் மரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். லோஞ்சில் மூதூருக்குப் படிப்பிக்கப் போகிற வாத்திமார் சைக்கிளைப் படிகளின் ஓரத்தில் சாய்த்துவிட்டுப் போய்ப் பின்னேரம் வந்து எடுத்தார்கள். மத்தியானத்தில் கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு மூன்று வந்து கார்களின் நிழலில் படுத்தன. நின்றதற்காக ஒருவரும் ஒரு சதம் கொடுக்கவில்லை.

கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முதல் இடம் விளக்குக் கம்பத்தடி. படியேறி வருகிற சனம் அந்த இடத்தைத்தான் பார்க்கும், அங்கே நிற்கிற காரில்தான் ஏறும். இரண்டாவது கார் பொன்னால் செய்ததாக இருந்தாலும் அதன்மேல் கண் போகாது. முதல் கார் போனதும் மற்றவை ஒரு கார் நீளம் முன்னே வர வேண்டும். பெற்றோல் விற்கிற விலையில் பதினைந்து அடிக்காக எஞ்சின் போட யாருக்கும் மனம் வரவில்லை. அதோடு பாதிக் கார்களுக்கு ஸ்டார்ட்டரும் இல்லை. ஆகவே தள்ளுவார்கள். காரின் சொந்தக்காரன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றில்லை. அவன் தெருவோரத் தேத்தண்ணிக் கடையில் இருக்கலாம், கடற்கரைப் பக்கம் ஒதுங்கப் போயிருக்கலாம். கை சும்மா இருக்கிற ஒருவன் ஜன்னலுக்குள்ளால் கையை விட்டு ஸ்ரியறிங்கைப் பிடிப்பான், இன்னும் இரண்டு பேர் பின்னால் தோள் கொடுப்பார்கள். அதற்காக எல்லாக் கார்களும் கியரில் போடாமல், ஹான்ட் பிரேக் இழுக்காமல், பின்சில்லுக்கு ஒரு கல் வைத்து, கதவு பூட்டாமல் நிற்கும்.

கதவு பூட்டாமல் நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவன் கோணாமலை. அறுபத்து மூன்றில் ஒருநாள் தங்கரத்தினம் காரைப் பூட்டிக்கொண்டு மற்றினிக்குப் படம் பார்க்கப் போய்விட்டான். அவனுடைய கார் இரண்டாம் இடத்தில் நின்றது. மூன்று மணித்தியாலம் வரிசை அப்படியே அடைபட்டுக் கிடந்தது. அவன் பீடியும் வாயுமாகத் திரும்பி வந்தபோது கோணாமலை எல்லாருக்கும் முன்னால் சொன்னான்: “இனிமேல் பூட்டின காருக்கு முறை இல்லை. பூட்டினவன் கடைசிக்குப் போக வேண்டியதுதான்.” தங்கரத்தினம் சிரித்துக்கொண்டு கடைசிக்குப் போனான். அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் கோணாமலையின் கார்க் கதவுக்குச் சாவி போடப்படவில்லை. அந்தக் கதவுச் சாவி எங்கே என்றும் அவனுக்குத் தெரியாது.

எழுபத்தைந்தில் நகரசபை திடலைக் குத்தகைக்கு விட்டது. இரும்புக்கடை இராசையா எடுத்தார். அவரில் பிழை சொல்ல முடியாது. பேப்பரில் விளம்பரம் வந்தது, அவர் எழுதிப் போட்டார். கார்க்காரரும் எழுதிப் போட்டிருக்கலாம். அந்த விளம்பரம் வந்த பேப்பரால் ஆமினா உம்மா தயிர் நிறைத்த ஒரு மண் முட்டிக்கு வாய் கட்டியிருந்தாள். கோணாமலை அந்த முட்டியைக் காரில் ஏற்றி, உவர்மலையில் இறக்கியும் கொடுத்தான். வாசிக்கவில்லை.

சங்கிலி போட்டு அளந்தார்கள். அளந்து பார்த்ததில் விளக்குக் கம்பத்தடி திடலுக்குள் வரவில்லை, அது தெருவுக்குரிய நிலம். பதினெட்டு வருஷமாக வரிசையின் தலை தெருவில் நின்றிருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை. முட்கம்பி வேலி முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவால் போனது. அந்த இடத்திலேயே கேற். உள்ளே வர ஐம்பது சதத்துக்கு ஒரு ரிக்கற். வெளியே போய்த் திரும்பி வந்தால் இன்னொன்று. கம்பத்தடியில் ஒரு பலகை நட்டார்கள்: இங்கே வாகனம் நிறுத்தக் கூடாது.

மாட்டு வண்டிகள் ஒரு வாரத்தில் வராமல் விட்டன. வாத்திமார் சைக்கிளை விடக் கடை கடையாகக் கேட்டுத் திரிந்தார்கள். கார்க்காரர் உள்ளே போவதில்லை என்று முடிவெடுத்துத் தெருவில் நின்றார்கள். இரண்டு வாரத்தில் கோணாமலைக்கு இரண்டு தடவை பொலிஸ் வழக்கு எழுதியது, தங்கரத்தினத்துக்கும் இரண்டு. இரண்டாம் தடவை சார்ஜன் நேரிலேயே சொன்னார்: “மூன்றாம் முறை எழுதினா, உன்ட பேமிட்டை எடுக்கச் சொல்லி நான் எழுதுவன். பிறகு என்னட்ட வந்து அழக் கூடாது.”

ஹயர் ஓட்டும் அனுமதியான பேமிட் போனால் கார் வெறும் தகரம். கோணாமலைக்கு வேறு தொழில் தெரியாது. துறைமுகத்தில் பதினேழு வயதில் வெள்ளைக்காரனின் லொறி ஓட்டத் தொடங்கியவன், அதற்கு முன் தெரிந்திருந்ததையும் மறந்துவிட்டான். அடுத்த நாள் காலை முதல் ஆளாக ரிக்கற் வாங்கிக்கொண்டு உள்ளே போய் நின்றான். மூன்று நாள் ஒருவரும் அவனோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் தங்கரத்தினத்தின் மொறிஸ் உள்ளே வந்தது. அதன் பின்னால் தம்பையா, பிறகு ஸெய்னுதீன்.

“வாங்கோ வாங்கோ,” என்றான் கேற்றில் நின்ற அஸீம். “மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வந்தாச்சு. இனிச் சோத்தைப் போடலாம்.”

“உனக்குக் காக்கிச் சேட்டுப் போட்டதும் வாய் நீண்டிட்டுது,” என்றான் தங்கரத்தினம்.

அஸீம் அதே படிகளில் இருபது வருஷம் மூட்டை தூக்கியவன். முதுகு விட்டுப்போனதும் இராசையா அவனுக்கு ஒரு சேட்டும் ரிக்கற் புத்தகமும் கொடுத்துக் கதிரையில் இருத்தினார். மூட்டை இல்லாத நேரத்திலெல்லாம் அவனும் கார் தள்ளியவன்தான்.

புதிய ஒழுங்கு ஒன்று வந்தது. முதல் கார் கேற்றுக்கு உள்ளேயே நிற்கும். சனம் படியேறியதும் எஞ்சினைப் போட்டு வெளியே போய், கம்பத்தடியில் ஏற்றிக்கொண்டு நில்லாமல் போய்விட வேண்டும். ஏற்றுகிற நேரத்துக்குப் பொலிஸ் கண்ணை மூடிக்கொள்ளும். இரண்டு மாதம் இது பழுதில்லாமல் நடந்தது.

அன்று கோணாமலை விடியப்புறம்தான் வெருகலிலிருந்து வந்திருந்தான். கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் விட்டு, இரவு முழுக்கக் காத்திருந்து, திருப்பிக் கொண்டுவந்தவன். வீட்டுக்குப் போகாமல் நேரே திடலுக்கு வந்து இரண்டாம் இடத்தைப் பிடித்தான். ஒன்பது மணி லோஞ்சில் ஆமினா உம்மா வந்தாள். அவள் வரிசையில் எந்தக் கார் எங்கே நின்றாலும் பார்ப்பதில்லை. கோணாமலையின் காரைத் தேடி வந்து முன்சீற்றில் ஏறி இருந்துவிடுவாள். எட்டு முட்டி தயிர் பின்சீற்றில். முறை வரும்வரை இருப்பாள், யாராவது கேட்டால் தன் காரில் தான் இருப்பதாகச் சொல்லுவாள்.

“கண்ணெல்லாம் சிவந்து கிடக்குது தம்பி. போய் ஒரு சாயத் தண்ணி குடிச்சிட்டு வா,” என்றாள்.

“ஸெய்னுதீனுக்கு இன்னும் ஆள் நிரம்பேல்லை. வந்திடுவன் உம்மா.”

கடை வாங்கில் தேத்தண்ணியை வாங்கி வைத்தது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. குடித்தது ஞாபகம் இல்லை. சுவரில் தலையைச் சாய்த்தவன் அப்படியே நித்திரையாகிவிட்டான்.

ஸெய்னுதீனுக்கு எதிர்பாராமல் ஒரு கலியாண வீட்டுக் கூட்டம் கிடைத்தது. பிள்ளைகளோடு ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு போய்விட்டான். முதல் இடம் காலியானது. தங்கரத்தினம் பல்லுக்குள் பீடியை வைத்துக்கொண்டு எழும்பி, கோணாமலையின் பின்சில்லுக் கல்லைக் காலால் தட்டிவிட்டு, ஜன்னலுக்குள்ளால் கையை விட்டான். தம்பையா பின்னால் போனான். அஸீம் கதிரையை விட்டு எழும்பினான். எழும்பியவன் கேற் தடியைத் தூக்கினான், தடியை விட்டுவிட்டு வந்து தோளையும் கொடுத்தான். மூன்று பேரும் பேசிக்கொண்டே தள்ளினார்கள். பதினெட்டு வருஷப் பழக்கம். முதல் இடம் என்றால் அவர்களுடைய கைக்குத் தெரிந்தது கம்பத்தடிதான். கொண்டுபோய்ப் பலகைக்கு நேரே காரை நிறுத்தி, கல்லையும் மறக்காமல் எடுத்து வந்து சில்லுக்கு வைத்துவிட்டு, மரத்தடிக்குத் திரும்பிப் போய் இருந்தார்கள்.

ஆமினா உம்மா ஒன்றும் சொல்லவில்லை. கார் முன்னே போனதில் அவளுக்குச் சந்தோஷம்.

பொலிஸ்காரரின் சைக்கிள் மணி கேட்டுத்தான் தங்கரத்தினத்துக்குப் புத்தி வந்தது. தம்பையா கடைக்கு ஓடினான். கோணாமலை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தபோது அவர் நம்பரை எழுதி முடித்து, அங்கே நின்றவர்களின் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தார்.

“நான் இஞ்ச விடேல்லை ஐயா,” என்றான் கோணாமலை.

“கார் நடந்து வந்ததோ?”

“தள்ளியிருக்கினம்.”

“ஆர் தள்ளினது?”

கோணாமலை மரத்தடியைப் பார்த்தான். தங்கரத்தினம் செருப்பைக் கழற்றி மண் தட்டினான். தம்பையா தன் காரின் வேறு நிறக் கதவைத் திறந்து மூடினான். அஸீம் ரிக்கற் புத்தகத்தை எண்ணினான்.

“நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேசனுக்கு வா,” என்றார் பொலிஸ்காரர். “தள்ளினவனையும் கூட்டிக்கொண்டு வா. அவன் ஒப்புக்கொண்டா எழுத்து அவனுக்கு. இல்லாட்டி உனக்கு இது மூன்றாவது.”

பின்னேரம் கார்கள் எல்லாம் திரும்பி வந்த பிறகு மரத்தடியில் கதை நடந்தது. ஸெய்னுதீனும் வந்திருந்தான்.

“எனக்கும் ரெண்டு எழுதிக் கிடக்குது மச்சான்,” என்றான் தங்கரத்தினம். “நான் தனியப் போய் ஒப்புக்கொண்டா என்ட பேமிட் போகும். மூண்டு குமர் வீட்டில.”

“எனக்கு ஒண்டுதான் எழுதியிருக்கு,” என்றான் தம்பையா. “எண்டாலும் அண்ணை, ஸ்ரியறிங் பிடிச்சது நான் இல்லையே. பின்னால நிண்டவனுக்கு முன்னால என்ன இருக்குதெண்டு தெரியுமோ?”

“தடியைத் தூக்கினது நான் எண்டு முதலாளி அறிஞ்சா இந்தச் சேட்டைக் கழற்றிப்போடுவார்,” என்றான் அஸீம். “பிறகு நானும் உங்களோட மரத்தடியில குந்த வேண்டியதுதான். அதுக்கும் ரிக்கற் வேணும்.”

கோணாமலை சொன்னான்: “நான் ஒருத்தனையும் மாட்டிவிட வரேல்லை. பொலிஸ்காரர் கேட்டவர், நான் வாய் திறக்கேல்லை. ஆனா எனக்கு ஒரு வழி சொல்லுங்கோ.”

வழி சொன்னவன் ஸெய்னுதீன். “எல்லாருமாப் போவம். எல்லாரும் சேர்ந்து தள்ளினம், அது எங்கட முறை, காலாகாலமா இப்பிடித்தான் எண்டு சொல்லுவம். அஞ்சு பேர் போய் நிண்டா ஆரெண்டு எழுதுறது? திட்டிப்போட்டு விட்டிடுவாங்கள்.”

“நீ அந்த நேரம் இஞ்ச இல்லையேடா,” என்றான் தங்கரத்தினம்.

“இருந்திருந்தா நானும் தள்ளியிருப்பன்தானே.”

அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. பத்து மணிக்கு ஸ்டேசன் வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. தங்கரத்தினம் பிரியும்போது கோணாமலையின் தோளில் கையைப் போட்டு, “போய்ப் படு மச்சான். முகம் செத்தவன்ட முகம் மாதிரிக் கிடக்குது,” என்றான்.

அடுத்த நாள் கோணாமலை காரைத் திடலில் விட்டுவிட்டு நடந்து போனான். ஒன்பதே முக்காலுக்கு ஸ்டேசன் வாங்கில் இருந்தான். பத்து மணியானது. பத்தே கால். வாங்குக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்குள்ளால் தெரு. பத்தரைக்கு அந்தத் தெருவால் தங்கரத்தினத்தின் மொறிஸ் மைனர் நிறையச் சனத்தோடு போனது. தங்கரத்தினம் நேரே பார்த்துக்கொண்டு ஓட்டினான். ஸ்டேசன் இருக்கிற பக்கம் அவனுடைய கழுத்து திரும்பவில்லை. அந்தத் தெருவில் அவ்வளவு கவனமாக அவன் ஓட்டி ஒருநாளும் கோணாமலை கண்டதில்லை.

கோபம் வரும் என்று பார்த்தான். வரவில்லை. வாங்கின் பலகை முதுகில் குத்தியது, அதுதான் பெரிதாகத் தெரிந்தது. பத்து மணி லோஞ்சுக்கு இன்றைக்குச் சனம் கூடவாக்கும் என்று நினைத்தான். முறை வந்திருக்கும். முறையை விட்டுவிட்டு வந்தால் மத்தியானம்வரை பிறகு ஒன்றும் கிடைக்காது. வெளியே வந்து திரும்பிப் போனால் இன்னொரு ரிக்கற். தானென்றாலும் ஒருவேளை இப்படித்தான் கழுத்தைத் திருப்பாமல் போயிருப்பான். போயிருக்க மாட்டான் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

சார்ஜன் அவனை உள்ளே கூப்பிட்டார். “எங்க உன்ட ஆக்கள்?”

“வரேல்லை ஐயா.”

“பேரைச் சொல்லு. நான் கூப்பிடுறன்.”

பெயரைச் சொன்னால் இன்று தப்பலாம். நாளைக்கும் அதே வரிசையில் போய்த்தான் நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் நிற்பதற்கு வரிசையே இல்லை. இரண்டையும் மாறி மாறி நினைத்துப் பார்க்கும் தெம்பு அவனிடம் இருக்கவில்லை. இரண்டு நாளாக நித்திரையில்லை. சார்ஜன் பேனையைத் திறந்தார்.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. “தள்ளு மகன், நான் உள்ளுக்குப் போகணும். தயிர் விக்க வரல்ல. வேணுமெண்டா பிறகு தாறன்.”

ஆமினா உம்மா இடுப்பில் ஒரு முட்டியோடு வந்து சார்ஜனின் மேசைக்கு முன்னால் நின்றாள். திடலிலிருந்து நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

“நீங்கள் ஆர்?” என்றார் சார்ஜன்.

“இவன்ட காரைத் தள்ளினது ஆரெண்டு கேக்கிறீங்களாம். நான்தான்.”

சார்ஜன் புத்தகத்தைப் புரட்டினார். “நீங்கள் காருக்க இருந்ததாக எழுதியிருக்குது.”

“ஓம், இருந்துகொண்டுதான் சொன்னன். தயிர் புளிக்குது, முன்னுக்குத் தள்ளுங்கடா எண்டு சத்தம் போட்டன். பொம்புளை கத்தினாத் தள்ளாம என்ன செய்வானுகள்?”

“ஆரிட்டச் சொன்னீங்கள்?”

“ஆரெண்டு தெரியா. எனக்குத் தூரத்தில கண் பிடிக்கிறல்ல.”

“ஸ்டேசனுக்கு வழி தெரிஞ்சுதோ?”

“அது பெரிய கட்டடம்தானே மகன்.”

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்துவிட்டார். சார்ஜன் சிரிக்கவில்லை, ஆனால் பேனையை மூடினார். இரண்டு பேரையும் பார்த்தார். ஒரு தயிர்க்காரிமேல் எழுதிக் கோட்டுக்கு அனுப்பினால் நீதவான் தன்னைத்தான் கேட்பார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“இஞ்ச பார்,” என்றார் கோணாமலையிடம். “இவ சொல்லுறது பொய். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இந்த ஒருமுறை எச்சரிக்கையோட விடுறன். ஆனா உங்கட தள்ளுற கதையை இனி நான் கேக்க ஏலாது. ஆர் தள்ளினாலும் கார் உன்ட. நீ காரை விட்டு இறங்கினா, கார் பூட்டியிருக்க வேணும். கியரில போட்டு, பிரேக் இழுத்து, கதவைப் பூட்டி. அதை எழுதுறன், கையெழுத்து வை. பூட்டாத காரை எங்கையாவது கண்டாலும் பேமிட்டுக்கு எழுதுவன்.”

எழுதி முடித்துக் கடதாசியைத் திருப்பி வைத்தார். கோணாமலை வாசித்தான். பேப்பர் விளம்பரத்தை வாசிக்காதவன் இதை இரண்டு தரம் வாசித்தான். பிறகு கையெழுத்து வைத்தான்.

வெளியே வந்ததும் ஆமினா உம்மா, “அவ்வளவுதானே? பூட்டிறதுக்கு என்ன, பூட்டினாப் போச்சு,” என்றாள்.

“உங்களுக்கு விளங்காது உம்மா.”

“எனக்கு விளங்கத் தேவையில்ல. இந்த முட்டியைப் பிடி, இடுப்பு விட்டுப்போச்சு. உனக்குப் பேமிட் இல்லாட்டி நான் எட்டு முட்டியோட உவர்மலைக்கு நடக்கிறதா?”

அவன் முட்டியை வாங்கிக்கொண்டான். திடல்வரை நடந்தார்கள்.

திடலில் நாலு பேருக்கும் நாலு காரணம் இருந்தது. தங்கரத்தினம் ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியை ஏற்ற வேண்டி வந்தது. தம்பையா ஸெய்னுதீனைக் காத்துக்கொண்டு நின்றான், ஸெய்னுதீன் தம்பையாவைக் காத்துக்கொண்டு நின்றான். அஸீமுக்குக் கேற்றை விட்டு வர முடியாது, அதைச் சொல்லவே தேவையில்லை. கோணாமலை எல்லாவற்றையும் கேட்டான். “சரி,” என்றான். “விட்டிட்டாங்கள்” என்று மட்டும் சொன்னான். கடதாசியைப் பற்றிச் சொல்லவில்லை. அன்று மிச்ச நேரம் காரை விட்டு இறங்காமலே இருந்தான்.

வீட்டில் அவனுடைய மனைவி தங்கேஸ்வரி அலுமாரியை இறக்கித் தேடினாள். “பன்னிரண்டு வருஷமாத் தேடாத சாவி இப்ப என்னத்துக்கு?”

“பூட்டத்தான். வேறென்னத்துக்கு.”

“களவு போச்சுதோ ஏதும்?”

“இல்லை.”

சாவி தையல் மெசின் லாச்சியில் இருந்தது. அளவு நாடாவின் நுனி சுருளாமல் இருக்க அதில் கட்டியிருந்தாள். முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தாள். “நாடாவுக்கு இனி நான் என்னத்தைக் கட்டுறது?” என்றாள். அவன் குசினிக்குப் போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தான். அந்தக் காரில் மூன்று கதவுகளை உள்ளிருந்து கொளுக்கியைத் தள்ளித்தான் பூட்ட வேண்டும். வெளியே சாவித் துவாரம் இருப்பது முன்பக்கம் இடது கதவில் மட்டும். துவாரத்துக்குள் செத்த குளவிக் கூடு ஒன்று இருந்தது. ஈர்க்கிலால் குத்தி எடுத்து, எண்ணெய் விட்டு, சாவியைப் போட்டுத் திருப்பினான். முதலில் அசையவில்லை. கை நோகத் திருப்பியதும் உள்ளே ஏதோ கறகறவென்று புரண்டு பூட்டிக்கொண்டது.

அடுத்த நாள் காலை அவன் ரிக்கற் வாங்கி உள்ளே வந்தபோது வரிசையில் மூன்று கார் நின்றது. நாலாவதாக நிறுத்தினான். கியரில் போட்டான், பிரேக்கை இழுத்தான், கல் வைக்கவில்லை. மூன்று கதவுக்கும் உள்ளே கொளுக்கியைத் தள்ளினான். இடது பக்கத்தால் நகர்ந்து இறங்கிச் சாவியைப் போட்டான். அந்தச் சத்தத்துக்கு மரத்தடியில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னடா இது?” என்றான் தங்கரத்தினம்.

“கையெழுத்து வாங்கிப்போட்டாங்கள். இறங்கினாப் பூட்ட வேணுமாம்.”

“அப்ப வரிசை?”

“சட்டம் உங்களுக்குத் தெரியும்தானே.”

தங்கரத்தினத்தின் முகம் சிவந்தது. “நான் அதைக் கேக்கேல்லை மச்சான். சாவியை எங்களிட்டத் தந்திட்டுப் போ. நாங்கள் திறந்து தள்ளுறம்.”

“நேற்று நீங்கள் வந்திருந்தாத் தந்திருப்பன்.”

புதிதாக ஒரு கார் வந்து அவனுக்குப் பின்னால் நின்றது. முதல் கார் போனதும் வழக்கம்போல் எழும்பினார்கள். இரண்டு கார்களைத் தள்ளினார்கள். கோணாமலையின் காருக்கு முறை வந்ததும் தம்பையா பழக்கத்தில் அதன் பின்பக்கத்தில் கையை வைத்தான். கார் அசையவில்லை. கையை எடுத்துக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, பின்னால் வந்த காரைச் சுற்றுப் பாதையில் தள்ளிக்கொண்டு போய் முன்னே விட்டான். கோணாமலை தடுக்கவில்லை. ஒன்பது மணிக்குள் அவன் கடைசி ஆள்.

லோஞ்ச் வந்தது. ஆமினா உம்மா முட்டிகளோடு ஏறி வந்து வரிசையைத் தேடாமல் நேரே கடைசிக்கு வந்தாள். அவன் கதவைத் திறந்துவிட்டு, முட்டிகளைப் பின்சீற்றில் அடுக்கினான்.

“எத்தினையாவது முறை?”

“முறை இல்லை. இவையள் எல்லாரும் போனாப் பிறகு பாப்பம்.”

“அப்ப மத்தியானமாகும்.”

“ஆகும். தயிர் புளிச்சுப்போகும் எண்டா, முன்னால தங்கரத்தினம் நிக்கிறான், அவன்ட காரில போங்கோ. நான் ஏற்றிவிடுறன்.”

அவள் முன்னால் பார்த்தாள். தங்கரத்தினம் இந்தப் பக்கம் பார்க்காமல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். அவள் சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு முன்சீற்றில் ஏறி, காலை நீட்டி இருந்தாள். “நான் என்ட காரில இருக்கிறன். நீ உன்ட வேலையைப் பார்.”

அவனுக்குக் காலையிலிருந்து ஒன்றும் வயிற்றில் இல்லை. “நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்,” என்றான். சொல்லிவிட்டுப் போகாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஆமினா உம்மா சாவியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “என்னை உள்ள வச்சுப் பூட்டவா போறாய்?”

“கையெழுத்து வச்சிட்டன் உம்மா.”

“நான் இருக்கேக்க ஆரு தள்ளப் போறா?”

“அண்டைக்கும் நீங்கள் இருந்தனீங்கள்தானே.”

அவள் ஜன்னல் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு, “கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடு,” என்றாள். “நித்திரை கொள்ளாம வா.”

அவன் கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கினான். கதவைச் சாத்தி, சாவியைப் போட்டு, கை நோகத் திருப்பிப் பூட்டினான்.